பலகையாட்டம் அமைத்தலும் ஆய்தலும்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலைப் பாடங் கேட்டார்க்கு ‘வல்’ என்னும் சொல் நினைவிலிருக்கும். அச்சொல் ‘நாய்’, ‘பலகை’ என்பவற்றோடு புணருங்கால் எய்தும் திரிபினை ஆசிரியர் தனியே விதந்து கூறினார். வல்லாவது ஓர் ஆடுகருவி. நாயாவது அதன் காய். பலகையாவது காய் நகருமிடம். ஒரு புணர்ச்சி விதிக்கே இலக்காகும் அளவிற்கு அவ்வாட்டம் வழக்கில் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? கீழடி அகழாய்வில் பகடைகளும் வட்டுகளும் வெளிப்பட்டன. மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1954-ஆம் ஆண்டில் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என ஒரு நூலே இயற்றினார். ஆகவே பலகையாட்டம் பற்றித் தமிழ் மாணவர் எழுதப் புகுவது புதுமையன்று. திருக்குறளின் 94-ஆம் அதிகாரத்தைச் சுட்டி எம்மைத் தடுத்த பெரியோரும் உளர். அங்கே வள்ளுவர் கடிந்தது பொருள் இழக்கும் சூதினையே என்பதும், எம் ஆட்டத்தில் இழக்கத்தக்க பொருள் புளியங்கொட்டையே என்பதும் அவர்க்கு யாம் கூறிய விடை.

எம் கல்லூரி மாணவர் ஐவர் சென்ற ஆண்டில் ஒரு புதிய பலகையாட்டம் அமைக்க முற்பட்டோம். அம்முயற்சியாற் கற்றவற்றை, பின்னர் முயல்வார்க்குப் பயன்படும் வகையில் ஈண்டு எழுதுகின்றோம்.

புதிய ஆட்டம் செய்ய விழைவோர் பழைய ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். கடிகாரம் செய்வோன் பழங்கடிகாரத்தைப் பிரிப்பது போல்வது அது. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருபத்துமூன்று புள்ளிகளையுடைய கோட்டுருவில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உள. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு எதனையும் வெட்டாது, சூழ்ந்து அடைத்தலே அதன் வலி. இருவர்க்கும் ஒரே படை கொடுத்தாலன்றி நடுநிலை இல்லையென எண்ணுவோர்க்கு இவ்வாட்டம் மறுமொழி கூறும். ஒருவனுக்கு வலிமையும் மற்றவனுக்குத் தொகையும் கொடுத்து நிறைகோலைச் சமன் செய்தவர் யாரோ, அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நேபாளத்தில் இதன் இனமான ஆட்டத்தில் நான்கு புலிகளுக்கு இருபது ஆடுகள். அங்கும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்னும் விகிதமே நிற்றல் காண்க.

பல்லாங்குழியில் தற்செயலுக்கு இடமே இல்லை. பதினான்கு குழிகளும் அவற்றிலுள்ள முத்துகளும் இருவர் கண்ணுக்கும் வெளிப்படை. எண்ணத் தெரிந்தவர் வெல்வர். இதற்கு நேர்மாறானது பரமபதம். அதில் ஆடுவோர் எண்ணுதற்கு ஒன்றுமில்லை. விழுந்த எண்ணே ஏற்றும், இறக்கும். வினைப்பயனை உணர்த்த அமைந்த அவ்வகை ஆட்டம் 1892-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து சென்று பாம்பும் ஏணியுமாகக் குழந்தைகள் அறைக்குள் புகுந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க மயிலை வீடுகளில் அது இன்றும் விரிக்கப்படுகின்றது. நள்ளிரவிற்குப் பின் எண்ணும் ஆற்றல் யார்க்கும் குறையுமாதலின், அவ்விரவிற்கு அஃது ஏற்ற ஆட்டமே.

இவ்விரண்டற்கும் நடுவில் நிற்பது தாயக்கட்டம். இதில் எமக்கு ஆர்வம் மிகுதியாகலின் சற்று விரித்துரைப்போம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றற்கும் நான்கு முகம். முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் புள்ளிகளும் ஒரு வெறுமையும் உள. நான்கு முகமும் ஒத்து விழுமெனக் கொண்டால், இரு கட்டைகளும் விழும் வகை பதினாறு. அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழும் வகை இரண்டே. மூன்று விழும் வகை நான்கு; ஆறு விழும் வகை ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதனைப் பன்னிரண்டு எனக் கொள்வது வழக்கு. அதற்கும் வகை ஒன்றே. ஆகவே தாயம் விழுவது எட்டில் ஒரு பங்கு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் வெளியே காத்திருப்பது ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு நேரும். பேசிக்கொண்டே ஆடும் பிற்பகலில் இக்காத்திருப்பு ஓர் இன்பம். அரைமணி நேரமே உள்ள மாணவர் விடுதியில் இது தொல்லை. ஆட்டம் யாருக்கு, எவ்வளவு பொழுதுக்கு என்பதை முதலில் துணியாமல் விதி செய்தல் ஆகாது என்பதை இக்கணக்கே எமக்கு உணர்த்தியது.

விதி என்பது ஆட்டத்தை நடத்துங் கருவி மட்டுமன்று. அஃது ஒரு கருத்தும் ஆகும். அமெரிக்க நாட்டில் எலிசபெத் மாகி என்னும் அம்மையார் 1904-ஆம் ஆண்டில் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைச் சிலர் வளைத்துக்கொள்வதால் வரும் தீமையை, ஹென்றி ஜார்ஜ் என்னும் அறிஞர் கொள்கைவழி நின்று காட்டுவதே அவர் நோக்கம். பின்னர் ஒரே பலகைக்கு இருவகை விதி வகுத்தார். ஒன்றில் ஒருவன் மற்றவரை ஒழித்து வெல்வான், மற்றொன்றில் செல்வம் பெருகுந்தோறும் யாவரும் பயன்பெறுவர். உலகம் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டது. 1935-ஆம் ஆண்டில் பார்க்கர் சகோதரர் ‘மொனாப்பலி’யை வெளியிட்டபோது அம்மையார் உரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். தீமையென்று அவர் காட்டியதையே இன்று வீடுதோறும் மகிழ்ந்து ஆடுகின்றனர். பலகை ஒன்றே, விதி மாறியதும் பொருள் தலைகீழாயிற்று.

இனி எம் ஆட்டத்திற்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல்நாளில் பெய்த பெருமழையை இந்நகரத்தார் மறந்திலர். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அன்றிரவு அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைமீறி, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கடல்வரை ஊர்களை மூழ்கடித்தது. நீர் திறந்த முறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ஆம் ஆண்டில் குறை கூறியது. எம்முள் ஒருவர் இல்லம் ஆற்றங்கரையில் உள்ளது. அன்று அது முதல்மாடி வரை நீருள் நின்றது. இவ்வெள்ளத்தையே ஆட்டப் பொருளாகக் கொள்வதென அவரே முன்மொழிந்தார்.

முதல் வரைவில் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப வெள்ளம் ஏறுவதாக விதித்தோம். ஆட்டம் விரைந்து நடந்தது, சிரிப்பும் எழுந்தது. ஆனால் கரையோர இல்லத்து நண்பர் ஒரு வினா எழுப்பினார். “கட்டை உருண்டு வெள்ளம் வந்ததென்றால், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்றுதானே பொருள்?” அன்று மாலை முழுதும் இவ்வினாவிலேயே கழிந்தது. மழை தற்செயல் என்பதில் ஐயமில்லை. மதகைத் திறத்தல் தற்செயலன்று, ஒருவர் துணிவு. எனவே மழைக்குக் கட்டையும் மதகிற்கு ஆளும் வேண்டுமெனத் தெளிந்தோம்.

அடுத்து எழுந்தது வரிசைச் சிக்கல். மழையை அறிந்தபின் மதகைத் திறப்பதாயின் சிறு கூட்டல் கழித்தல் தெரிந்தாற் போதும். அறியுமுன் திறப்பதாயின் கண்கட்டி வித்தை. இரண்டும் உண்மைக்குப் புறம்பு. வானிலை கூறுவோர் சிறிது அறிவர், முழுதும் அறியார். ஆகவே கட்டையை ஒவ்வொன்றாக உருட்டுவதெனக் கொண்டோம். முதற்கட்டை விழுந்தபின் மதகு காப்பவர் எத்தனை அடி திறப்பதெனத் துணிவார். அதன்பின்னரே இரண்டாங்கட்டை உருளும். இச்சிறு மாற்றத்தால் ஆட்டம் உயிர்பெற்றது. முதற்கட்டையில் புள்ளி விழுந்தால் பெருமழை இல்லை. வெறுமை விழுந்தாலோ, இரண்டாவதும் வெறுமையாகிப் பன்னிரண்டு அடி நீர் வந்துசேர்தல் நான்கில் ஒரு பங்கு. வெறுமை விழுந்தவுடன் பலகையைச் சூழ்ந்தோர் பேச்சு நின்றுபோவதை ஒவ்வொரு முறையும் கண்டோம்.

கணக்கினைச் சுருங்கச் சொல்வோம். நால்வர் ஆடுவர், ஒவ்வொருவர்க்கும் ஐந்து வீடு, அவற்றுள் ஒன்று கரையோரத்தது. ஏரி 24 அடி கொள்ளும். ஒரு சுற்றில் ஆறு அடிவரை திறக்கலாம். நான்கு அடிவரை ஆறு தாங்கும். ஐந்தோ ஆறோ திறந்தால் கரையோர வீடு நான்கும் மூழ்கும். ஏரி நிரம்பி வழிந்தால் இருபதும் மூழ்கும். ஏரியில் 16 அடி இருக்கும்போது வெறுமை விழுந்தால் அச்சமில்லை. நான்கு திறந்தால், பன்னிரண்டு வந்தாலும் 24-இல் நிற்கும். 18 அடி இருக்கும்போது விழுந்தால் என்செய்வது? ஆறு திறந்தால் நான்கு வீடுகள் மூழ்குவது உறுதி. நான்கே திறந்தால் நான்கில் மூன்று பங்கு ஒருவர்க்கும் கேடில்லை, ஒரு பங்கு ஊரே மூழ்கும். சராசரி பார்த்தால் இழப்பு நான்குக்கு ஐந்து, வேறுபாடு சிறிது. ஆயினும் உறுதியாக மூழ்கப்போகும் நான்கு வீட்டில் ஒன்று தம்முடையதாய் இருப்பவர் சராசரி பார்ப்பதில்லை. 19 அடிக்கு மேலாயின் ஆறு திறந்தும் பயனில்லை.

அங்ஙனமாயின் தொடக்கத்திலேயே ஏரியை வற்றடித்துவிட்டு அமைதியாக இருக்கலாமே எனத் தியாகராய நகரில் ஆடிப்பார்த்த ஒரு பள்ளிச் சிறுவன் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் அவ்வாறே செய்து வென்றும் காட்டினான். அவன் வழி விதிக்கு உட்பட்டதே. ஆனால் செம்பரம்பாக்கம் வெள்ளம் தேக்கும் தொட்டி மட்டுமன்று. நகரின் குடிநீரும் அது. 2019-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நகருக்கு நீர்தரும் ஏரிகள் வற்றி, குடங்களின் வரிசை தெருக்கோடி வரை நீண்டதை நாம் பார்த்தோம். எனவே பன்னிரண்டாஞ் சுற்றின் முடிவில் ஏரியில் 20 அடிக்குக் குறைந்தால் கோடையில் யாவரும் தோற்பர் என்னும் விதி சேர்ந்தது. வெள்ளத்தை அஞ்சித் திறப்பதும் வறட்சியை அஞ்சி அடைப்பதும் ஆகிய இரண்டற்கும் நடுவே ஆடுவோர் இப்போது தவிக்கின்றனர். பன்னிரண்டு சுற்றில் ஒருமுறையேனும் பெருமழை வருதல் பாதியினும் சற்று மிகுதி. வந்தே தீரும் என எண்ணி ஆடவும் ஆகாது, வராதென எண்ணவும் ஆகாது. இவ்வளவு எமக்கு உவப்பாகவே இருந்தது.

ஒன்றுகூடி வெல்லும் ஆட்டங்களில் ஒரு குறை உண்டு. குரல் வலியார் ஒருவர் யாவர்க்கும் ஆடிவிடுவார். மாட் லீக்காக் என்பார் ஆக்கி 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாண்டமிக்’ ஆட்டத்தை ஆடினோர் இதனை அறிவர். எம் குழுவிலும் அத்தகைய நண்பர் ஒருவர் உளர், பெயர் வேண்டா. மதகு காக்கும் பொறுப்பு சுற்றுதோறும் வலப்புறம் மாறுமென்றும், காப்பவர் துணிவே முடிவென்றும் விதித்தோம். பிறர் வாதாடலாம், மதகைத் தொடலாகாது.

ஆட்டத்தை ஆயும் முறையில் யாம் கைக்கொண்டவை சில. முதலாவது, அழகு செய்வதற்கு விரையாமை. நாட்காட்டியின் பின்னட்டையில் கரிக்கோலால் ஆற்றை வரைந்தோம், வீட்டிற்குப் புளியங்கொட்டை, நீர்மட்டத்திற்கு ஒரு சட்டைப்பொத்தான். வண்ணந் தீட்டிய பலகையை மாற்ற மனம் வாராது. கரிக்கோற் கோட்டை அழிக்க யாரும் வருந்தார். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுதல். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நலம் வந்ததெனத் தெரியாது. மூன்றாவது மிகக் கடினம். அஃது ஆக்கியோர் வாய்மூடியிருத்தல். புதியவர் ஆடும்போது அவர் தவறாக நகர்த்தினாலும் யாம் திருத்துவதில்லை, எழுதிக்கொள்வோம். ஆட்டத்தைப் பெட்டியிலிட்டு விற்றால் பெட்டிக்குள் யாமும் இருந்து விளக்க முடியாதன்றோ? ஆடி முடித்தபின் “நன்றாயிருந்ததா?” எனக் கேட்டலும் பயனற்றது. நம் நாட்டில் அதற்கு விடை எப்போதும் ஒன்றே, காப்பி கொடுத்த வீட்டில் குறை சொல்வாரில்லை. “எந்தச் சுற்றில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்?” என்பதே நாங்கள் கேட்கும் வினா.

யாருடன் ஆடிப்பார்ப்பது? தோழர்கள் எம்மிடம் அன்புடையர். ஆகலின் நல்ல சான்றாகார். பாண்டிபஜாரில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நடைமேடை இருக்கைகளில் பலகையை விரித்து வழிப்போக்கரை அழைத்தோம். ஐந்தாஞ் சுற்றிலேயே எழுந்து சென்றோர் எம் சிறந்த ஆசிரியர். மயிலையில் தாயத்திற் கைதேர்ந்த மூதாட்டியர் இருவரிடம் சென்றோம். ‘இரண்டு வெறுமை பன்னிரண்டு’ என விளக்க வாயெடுக்குமுன் “அது தெரியாதா, பிள்ளைகளா” என்றனர். புதிய பகடை ஒன்று செய்திருந்தால் அரைமணி விளக்கம் வேண்டியிருக்கும். அவருள் ஒருவர் வீடெல்லாம் மூழ்கி ஆட்டத்தினின்று நீங்கியபின், “தோத்தவ சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?” என்றார். இப்போது வீடிழந்தவரும் தம் முறை வருங்கால் மதகு காப்பார்.

மற்றொரு விதி வேறு வழியில் வந்தது. கரையோர நண்பர் இல்லத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் அன்னையார் சிறிது நேரம் நின்று நோக்கினார். ஒருவர் ஆறு அடி திறந்தார். நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து அப்புறம் வைத்தோம். “தண்ணி தொறக்கப்போறோம்னு இவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே சென்றார். முன்னறிவிப்பின்றி நீர் புகுந்தது என்பது 2015-இல் கரையோரத்தார் பலரும் கூறிய குறை. எம் ஐவரில் ஒருவர்க்கும் அது விதியாகத் தோன்றியதில்லை. இப்போது மதகு காப்பவர், ‘அடுத்த சுற்றில் ஆறு’ என ஒரு சுற்று முன்னரே அறிவிக்கலாம். அறிவித்தால் கரையோர வீட்டார் மேடேறித் தப்புவர். ஆனால் அவ்வறிவிப்பு அடுத்துக் காப்பவரைக் கட்டும். மழை வாராவிடினும் அவர் ஆறு அடியைத் திறந்தே தீரவேண்டும், கோடைக்குரிய நீர் வீணாகும். அறிவிப்பதற்கு ஆடுவோர் எவ்வளவு தயங்குகின்றனர் என்பதை எம் குறிப்பேடு காட்டுகின்றது. பதினோரு ஆட்டங்களில் அறிவிப்பு நிகழ்ந்தது ஒன்பது முறையே.

விதித்தாள் எழுதுவது தமிழ் மாணவர்க்கு உரிய பகுதி. நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றத்தையும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டே விதித்தாளைத் திருத்தினோம். ‘ஏரி நிரம்பினால்’ என்றது குன்றக் கூறல். 24-இல் நிற்பதா, 24-ஐ மீறுவதா? ‘காப்பவர் அறிவித்தபின் அவர் திறப்பார்’ என்றது மயங்க வைத்தல், ‘அவர்’ யார்? ஆட்டத்தின் வரலாற்றை விதிக்கிடையே புகுத்தியது மற்றொன்று விரித்தல். சூத்திரம் போலச் சுருக்கினால் உரையாசிரியர் தேவைப்படுகின்றார்; உரைபோல் விரித்தால் யாரும் படிப்பதில்லை. இறுதியில் ஒருபக்கத் தாளும், அதன் பின்புறத்தில் ஒரு சுற்றை ஆடிக்காட்டும் எடுத்துக்காட்டுமாக அமைத்தோம். விதியைப் படியாதோரும் எடுத்துக்காட்டைப் படிக்கின்றனர்.

எழுதப்படாத விதியின் நிலையையும் இங்கே நினைக்கவேண்டும். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்து என்பாரும் ஆறு என்பாரும் உளர். வீட்டுக்கு வீடு வழக்கு வேறு. சென்னையில் 2002-ஆம் ஆண்டு வினிதா சித்தார்த்தா அம்மையார் தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் இத்தகைய பழைய ஆட்டங்களை மீண்டும் பெட்டியிலிட்டு வழங்கி வருகின்றது. மயிலை விழாவிலும் பல்லாங்குழி, தாயக்கட்டப் போட்டிகள் வைக்கப்படுவதுண்டு. அச்சிட்ட விதி ஒன்று நிலைபெற்றால் மற்ற வழக்குகள் மறையுமோ என அஞ்சுவாரும் உளர். எம் கருத்தில், அச்சிடாவிடின் எல்லாமே மறையும். ஆகவே அச்சிடுவோர் பாடவேறுபாடுகளையும் அடியிற் குறித்தல் நலம். ஏடு பதிப்பித்தோர் செய்ததும் அதுவே.

குழுவின் வேலைப்பங்கீடு பற்றி மிகுதியாகக் கூற ஒன்றுமில்லை. விதித்தாளைத் திருத்தும் உரிமை ஒருவர்க்கே; மற்றவர் கூறலாம், அவர் எழுதுவார். குறிப்பேடு வேறொருவரிடம். கணக்கிற்கு இயற்பியல் மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம்; அவர் இல்லாவிடின் பதினாறு வகையையும் விரல்விட்டே எண்ணியிருப்போம்.

ஆட்டத்திற்கு ‘ஆறும் ஊரும்’ எனப் பெயரிட்டுள்ளோம். ஓர் ஆட்டம் நாற்பது நிமிடம் கொள்கின்றது. சுற்று பன்னிரண்டாக நிற்பதா, பத்தாகக் குறைவதா என்பதில் குழுவினர் இன்னும் உடன்பட்டிலர். பத்தாயின் பெருமழை ஒருமுறையும் வாராத ஆட்டங்கள் பாதியைக் கடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்தபின் தமிழ்த்துறை நூலக மேசையில் ஆடிப்பார்க்கின்றோம். வருவோர் நால்வராக வருக. தாயக்கட்டையும் புளியங்கொட்டையும் எம்மிடம் உள.